திருடனைப் பிடிக்கிற சட்டம் ரவுட்டரைப் பிடிக்க வேண்டாம்

தகவல்தொடர்புச் சேவைத் திருட்டுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவர யோசிக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும், அவர்களுக்கு வரைவு எழுதித் தரும் சட்டத்துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

காசு கட்டாமல் சேனல் பார்க்கிறவர்களுக்கும், அடுத்தவர் கணக்கில் போன் பேசுகிறவர்களுக்கும் வக்காலத்து வாங்க இந்த மடலை எழுதவில்லை. அது திருட்டுதான். கம்பி வழியாகப் போவதைக் கையில் பிடிக்க முடியாது என்பதால் அது திருட்டு இல்லை என்று ஆகிவிடாது. நெட்வொர்க் அமைப்பதும் பராமரிப்பதும் என் தொழில். களவு போகிற இணைப்பின் செலவு, மாதாமாதம் ஒழுங்காகக் கட்டணம் கட்டுகிறவர் தலையில்தான் கடைசியில் விடிகிறது என்பது எனக்குத் தெரியும். ஆகவே சட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது இங்கே பேச்சே இல்லை. உங்கள் மேசைக்கு வருகிற வரைவு திருட்டை மட்டும் பிடிக்கிறதா, அல்லது சேவை நிறுவனத்துக்குப் பிடிக்காத எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிறதா என்பதுதான் பேச்சு.

இப்படிப்பட்ட வரைவு எப்படி வந்து சேரும், வந்தபின் என்ன ஆகும் என்று பார்க்க, அமெரிக்க மாநிலங்கள் 2003-இல் பட்ட பாட்டைப் பார்த்தால் போதும். அந்த ஆண்டின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ், டெக்சஸ், டென்னசி, கொலராடோ என்று பல மாநிலங்களில் ஏறக்குறைய ஒரே வாசகத்தோடு மசோதாக்கள் தலைகாட்டின. மூலம் ஒன்றுதான்: அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்களின் சங்கமான எம்பிஏஏ தயாரித்துக் கையில் கொடுத்த மாதிரி வரைவு. கேபிள் திருட்டுக்கு எதிரான பழைய சட்டத்தை இணையக் காலத்துக்கு ஏற்றபடி புதுப்பிக்கிறோம், அவ்வளவுதான் என்று விளக்கம் சொல்லப்பட்டது. தலைப்பிலேயே 'பாதுகாப்பு' இருக்கிறது. யார் எதிர்ப்பார்கள்? சில மாநிலங்களில் யாரும் கவனிப்பதற்கு முன்பே நிறைவேறியும் விட்டது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன் இந்த வரைவுகளை 'சூப்பர் டிஎம்சிஏ' என்று அழைத்தார். டிஎம்சிஏ என்பது 1998-இல் வந்த அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம். அதையே ஆராய்ச்சியாளர்கள் கடுமையானது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதில் என்க்ரிப்ஷன் (தகவலை ரகசியக் குறியீடாக்கும் முறை) ஆய்வுக்கும் பாதுகாப்புச் சோதனைக்கும், குறுகலாகவேனும், விலக்குகள் இருந்தன. மாநில வரைவுகளில் அதுவும் கிடையாது.

அந்த வரைவில் ஒரு வரி. எந்தத் தகவல்தொடர்பின் இருப்பையோ, அது புறப்பட்ட இடத்தையோ, போய்ச் சேரும் இடத்தையோ சேவை வழங்குநரிடமிருந்து மறைக்கும் கருவியை வைத்திருப்பதும், செய்வதும், விற்பதும் குற்றம். முதல் தடவை படிக்கிறபோது நியாயமாகத்தான் தெரியும். எங்கிருந்து வருகிறேன் என்பதை மறைக்கிறவன் திருடனாகத்தானே இருக்க வேண்டும்?

சரி, ஓர் இணைய இணைப்பை வீட்டில் உள்ள பல கருவிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் ரவுட்டருக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். வீட்டில் ஒரு லேப்டாப், இரண்டு போன், ஒரு டிவி. நிறுவனம் கொடுத்திருப்பது ஒரே ஒரு பொது ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அந்த இணைப்பை அடையாளம் காட்டும் எண். லேப்டாப்பின் முகவரி 192.168.1.5 என்று வைத்துக்கொள்வோம். அது வெளியே அனுப்பும் ஒவ்வொரு பேக்கெட்டிலும் (தரவின் சிறு பொட்டலத்திலும்) 'அனுப்புநர்' இடத்தில் அந்த எண்தான் இருக்கும். பேக்கெட் ரவுட்டரைத் தாண்டும்போது ரவுட்டர் அந்த எண்ணை அடித்துவிட்டுத் தன் பொது முகவரியை எழுதுகிறது. எந்த உரையாடல் என்று குறிக்கும் போர்ட் எண்ணையும் மாற்றுகிறது. எந்த போர்ட் எந்தக் கருவிக்கு உரியது என்று தன்னிடம் ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறது. பதில் வந்ததும் பட்டியலைப் பார்த்து, முகவரியைத் திருப்பி மாற்றி, லேப்டாப்புக்கு அனுப்புகிறது. நிறுவனத்தின் பக்கமிருந்து பார்த்தால் அந்த வீட்டில் ஒரே ஒரு கருவிதான் இருக்கிறது. லேப்டாப்பா, டிவியா, எது பேசுகிறது என்று இந்த முகவரியை வைத்துச் சொல்ல முடியாது.

'புறப்பட்ட இடத்தை மறைப்பது' என்று நீங்கள் எழுதினால், அது இந்த வேலையைத்தான் எழுத்துக்கு எழுத்து விவரிக்கிறது. இதற்கு நாட் (NAT, நெட்வொர்க் முகவரி மாற்றம்) என்று பெயர். யாரும் கள்ளத்தனமாகக் கண்டுபிடித்ததில்லை. பழைய ஐபி அமைப்பில் உலகம் முழுவதற்கும் சேர்த்தே சுமார் 430 கோடி முகவரிகள்தான் உண்டு. அது போதாது என்று தெரிந்ததும் இணையப் பொறியாளர்களே வகுத்துக் கொடுத்த வழி இது. வீடுகளும் அலுவலகங்களும் உள்ளுக்குள் பயன்படுத்திக்கொள்ள 192.168 போன்ற எண் தொகுதிகளை ஒதுக்கிவைத்த ஆவணம் 1996-லேயே வெளியானது. இன்றைக்கு நிறுவனங்களே தரும் ரவுட்டரிலும் இதே வேலைதான் நடக்கிறது. பொது இணையத்துக்குள்ளேயே பூட்டிய தனிப் பாதை போட்டுத் தரும் விபிஎன் கதையும் அப்படியே. வங்கிக் கிளை தலைமை அலுவலகத்தோடு பேசுவதும், வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் அலுவலகக் கணினிக்குள் நுழைவதும் விபிஎன் வழியாகத்தான். போய்ச் சேரும் இடம் வழியில் இருப்பவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் அதன் பயனே.

இதை எடுத்துச் சொன்னால் வரைவைக் கொண்டுவந்தவர்கள் வழக்கமாகச் சிரித்துக்கொண்டே ஒரு பதில் சொல்வார்கள்: "அட, ரவுட்டர் வைத்திருக்கிறார் என்று யாராவது வழக்குப் போடுவார்களா?" எனக்கு ஆகவே ஆகாத பதில் இது. எல்லோரும் மீறிக்கொண்டிருக்கும் சட்டம் ஒன்று புத்தகத்தில் இருந்தால், யாரை விடுவது, யாரைப் பிடிப்பது என்பது அதிகாரியின் மனசைப் பொறுத்தது ஆகிவிடுகிறது. அப்புறம், வழக்குப் போட்டால்தான் சட்டம் கடிக்கும் என்பதும் இல்லை.

மிச்சிகன் மாநிலத்தில் இந்த வகைச் சட்டம் 2003 மார்ச் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. மீறினால் 4 ஆண்டு வரை சிறை. அப்போது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் ப்ரோவோஸ் என்பவர் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வுப்பொருள் இரண்டு. ஒன்று, படத்துக்குள் செய்தியை ஒளித்து அனுப்பும் முறைகளும், அப்படி ஒளித்திருப்பதைக் கண்டுபிடிக்கும் முறைகளும். இன்னொன்று, இல்லாத கணினிகளை நெட்வொர்க்கில் இருப்பதுபோலக் காட்டித் தாக்க வருகிறவர்களை ஏமாற்றிச் சிக்கவைக்கும் ஹனிடி என்ற மென்பொருள். இரண்டும் பாதுகாப்பு ஆய்வுகள்தான். ஆனால் சட்டத்தின் வாசகத்தைப் பிரித்துப் படித்தால் ஒன்று 'தகவல்தொடர்பின் இருப்பை மறைப்பது', மற்றது 'இடத்தை மறைப்பது'. அவர் தன் ஆய்வுக் கட்டுரைகளையும் மென்பொருளையும் நெதர்லாந்தில் உள்ள சர்வருக்கு மாற்றினார். அமெரிக்காவில் இருப்பவர்கள் அதைத் தரவிறக்க வேண்டாம் என்று அறிவிப்பும் போட்டார். எந்தக் காவலரும் அவர் கதவைத் தட்டவில்லை. தட்டத் தேவையும் இருக்கவில்லை. திருடர்களைப் பிடிக்க வந்த சட்டம் ஒரு சேனல் திருடனைப் பிடிப்பதற்கு முன்னால், ஒரு மாணவரின் பாதுகாப்பு ஆய்வைக் கடல் தாண்ட வைத்துவிட்டது.

இனி வருவதுதான் எனக்கு மிக முக்கியமான இடம். அந்த வரைவுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடர்: 'சேவை வழங்குநரின் வெளிப்படையான ஒப்புதல் இன்றி'. ஒப்புதல் இல்லாமல் பெறுவது குற்றம். ஒப்புதல் இல்லாமல் ஒரு கருவியை இணைப்பதும் குற்றம். கட்டணம் கட்டினீர்களா இல்லையா என்பது பின்னுக்குப் போய், அனுமதி வாங்கினீர்களா என்பது முன்னுக்கு வந்துவிடுகிறது.

தொலைபேசியின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது கேட்ட குரல். ஏடி அண்ட் டி நிறுவனம் அமெரிக்கத் தொலைபேசியை ஏகபோகமாக வைத்திருந்த நாளில், நிறுவனம் தராத எந்தப் பொருளையும் தொலைபேசியோடு சேர்க்கக் கூடாது என்று அதன் கட்டண விதிகளில் எழுதியிருந்தது. ஹஷ்-எ-போன் என்று ஒரு பொருள் விற்பனையில் இருந்தது. மின்சாரம் இல்லை, கம்பி இல்லை. பேசும் முனையில் மாட்டிக்கொள்கிற வெறும் கிண்ணம். அறையில் இருக்கிற மற்றவர்கள் காதில் நம் பேச்சு விழாமல் இருக்க, வாயைக் கிண்ணத்துக்குள் வைத்துப் பேச வேண்டும். அதையும் நிறுவனம் தடுத்தது. நெட்வொர்க்குக்குக் கெடுதல் என்று வாதாடியது. ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசியும் நிறுவனத்தின் பக்கமே சாய்ந்தது. ஒரு வெறும் கிண்ணம் நாட்டின் தொலைபேசி அமைப்பைக் கெடுக்குமா என்று கேட்க 1956-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. பிறருக்குத் தீங்கில்லாமல் தன் தொலைபேசியைத் தனக்கு வசதியான வகையில் பயன்படுத்திக்கொள்ள சந்தாதாரருக்கு உரிமை உண்டு என்று அது தீர்ப்பளித்தது.

அடுத்து டெக்சஸில் தாமஸ் கார்ட்டர். எண்ணெய் வயல் போன்ற ஒதுக்குப்புறங்களில் வேலை செய்பவர்களின் வயர்லெஸ் பேச்சைத் தொலைபேசியோடு சேர்த்துவிடும் கார்ட்டர்போன் என்ற கருவியை விற்றார். தொலைபேசியின் கைப்பிடியை எடுத்துக் கருவியின் தொட்டிலில் வைத்தால் ஒலி வழியாகவே இரண்டும் பேசிக்கொள்ளும். கம்பி இணைப்பே இல்லை. அதற்கும் தடை. 1968-இல் எஃப்சிசி அந்தத் தடையை நீக்கியது. நெட்வொர்க்குக்குக் கேடு விளைவிக்காத வெளிக்கருவிகளை இணைக்கலாம் என்றது. பதிலளிக்கும் கருவி, ஃபேக்ஸ், முக்கியமாகக் கணினியைத் தொலைபேசிக் கம்பி வழியாகப் பேசவைக்கும் மோடம், எல்லாம் அந்தக் கதவு வழியாகத்தான் வீடுகளுக்குள் வந்தன. தொலைபேசி நிறுவனத்தின் தயவுக்குக் காத்திருக்காமல் யாரும் மோடம் விற்கலாம் என்ற நிலை இல்லாதிருந்தால் வீட்டு இணையம் அந்த வேகத்தில் பரவியிருக்காது.

அந்தக் காலத்தில் ஏடி அண்ட் டியின் விதியை மீறினால் அதிகம் போனால் இணைப்பைத் துண்டிப்பார்கள். நீங்கள் எழுதப்போகும் சட்டத்தில் அதே விதி மீறலுக்குச் சிறை. 1968-இல் மூடிய கதையை, பூட்டோடும் லத்தியோடும் திரும்பத் திறக்கிறீர்கள்.

ஒப்புதல் என்பது நடைமுறையில் என்ன? நாம் யாரும் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்று தட்டுகிற ஒப்பந்தம். பிராட்பேண்ட் பரவத் தொடங்கிய காலத்தில் அமெரிக்கக் கேபிள் நிறுவனங்கள் சிலவற்றின் ஒப்பந்தங்களில், வீட்டு இணைப்பில் விபிஎன் பயன்படுத்தக் கூடாது, இன்னொரு கணினியைச் சேர்த்தால் கூடுதல் கட்டணம் என்றெல்லாம் இருந்தது. வணிக ரீதியில் அவர்கள் அப்படிக் கேட்கலாம். பிடிக்காதவர் வேறு நிறுவனத்துக்குப் போகலாம், அல்லது சண்டை போடலாம். மீறினால் இணைப்பை நிறுத்தட்டும், உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகட்டும். ஆனால் 'ஒப்புதல் இன்றி' என்ற தொடரைக் குற்றவியல் சட்டத்தில் வைத்த உடனே, நிறுவனம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தன் ஒப்பந்தத்தில் ஒரு வரியை மாற்றினால், புதன்கிழமை முதல் ஒரு புதுக் குற்றம் பிறந்துவிடும். சட்டம் இயற்ற மக்கள் உங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஒப்பந்தப் பிரிவுக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. உங்கள் பேனாவை அவர்களிடம் கொடுத்துவிட்டு வரும் காரியம் இது. என் முழு எதிர்ப்பும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

கருவியை வைத்திருப்பதே குற்றம் என்று எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. செயற்கைக்கோள் டிவி நிறுவனமான டைரக்டிவியின் ஸ்மார்ட் கார்டுகளை மாற்றியமைத்து இலவசமாகச் சேனல் பார்க்கிறவர்கள் ஒரு காலத்தில் ஏராளம். 2001 ஜனவரியில், அமெரிக்கர்கள் டிவி முன்னால் கட்டாயம் உட்காரும் சூப்பர் பவுல் கால்பந்து இறுதிப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நிறுவனம் வானத்திலிருந்தே ஒரு சமிக்ஞையை அனுப்பித் திருட்டுக் கார்டுகளைக் கூட்டம் கூட்டமாகச் செயலிழக்கச் செய்தது. ரசித்துச் சொல்ல வேண்டிய காரியம். நேரம் பார்த்து அடித்தார்கள். பிடிபட்டவர்கள் எல்லோரும் உண்மையான திருடர்கள்.

அதோடு நிற்கவில்லை. கார்டு எழுதும் கருவிகளை விற்ற கடைகளின் வாடிக்கையாளர் பட்டியல்கள் நிறுவனத்தின் கைக்கு வந்தன. பட்டியலில் இருந்தவர்களுக்கு வழக்கறிஞர் கடிதங்கள் போயின. சுமார் 3,500 டாலர் கட்டினால் விட்டுவிடுகிறோம், இல்லாவிட்டால் வழக்கு என்றது கடிதம். அப்படிப் போன கடிதங்கள் 1,70,000-க்கும் மேல் என்று மின்னணு உரிமைகளுக்கான இஎஃப்எஃப் அமைப்பு கணக்குச் சொன்னது. அந்தக் கருவியை வாங்கியவர்களில் திருடர்கள் இருந்தார்கள். கணினிக்குள் நுழையக் கார்டு முறை அமைக்கிறவர்களும், படிப்புக்காக வாங்கியவர்களும் இருந்தார்கள். வழக்காடுவதற்கு ஆகும் செலவு 3,500 டாலரை விட அதிகம் என்பதால், தப்பே செய்யாதவருக்கும் கட்டிவிட்டுப் போவதுதான் லாபம். 2004-இல் இஎஃப்எஃப்பும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகச் சட்ட மையமும் தலையிட்டுப் பேசியபின், வெறுமனே கருவி வைத்திருந்தார் என்பதற்காக வழக்குப் போடமாட்டோம் என்று நிறுவனம் ஒத்துக்கொண்டது. அதே ஆண்டில் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றும், அவர்கள் காட்டிய சட்டப்பிரிவின்படி கருவி வைத்திருப்பதை மட்டும் சொல்லி நிறுவனம் வழக்குத் தொடர முடியாது என்று தீர்ப்பளித்தது. ஒவ்வொரு கருவிக்கும் இத்தனை ஆயிரம் டாலர் இழப்பீடு என்று மாதிரி வரைவில் நிறுவனங்களுக்குத் தனியாக வழக்குரிமை எழுதிவைத்திருந்ததை இந்தக் கதையோடு சேர்த்துப் படியுங்கள். கடிதம் அனுப்புவதே ஒரு தொழிலாகிவிடும்.

சேவைத் திருட்டைப் பெரும்பாலும் ஒழித்தது எது என்றும் பாருங்கள். 1960களிலும் 70களிலும் 2600 ஹெர்ட்ஸ் ஒலியை ஊதித் தொலைதூர அழைப்புகளை இலவசமாகப் பேசினார்கள். பேச்சு போகிற அதே கம்பியில் கட்டுப்பாட்டு ஒலியும் போனதால் வந்த ஓட்டை அது. கட்டுப்பாட்டுக்குத் தனிப் பாதை அமைத்ததும் ஊதல் பலிக்காமல் போனது. பழைய அனலாக் செல்போனின் அடையாள எண் காற்றில் அப்பட்டமாகப் போனதால் அதைப் பிடித்து நகல் போன் செய்தார்கள். ரகசியக் குறியீட்டைச் சிம்முக்குள்ளேயே வைத்துச் சரிபார்க்கும் டிஜிட்டல் முறை வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. இந்த இரண்டிலும் சட்டம் சும்மா இருக்கவில்லை, சிலர் சிறைக்கும் போனார்கள். ஆனால் ஓட்டையை அடைத்தது பெரும்பாலும் தொழில்நுட்பம்தான். ஆகவே 'புதுச் சட்டம் இல்லாவிட்டால் தொழிலே அழிந்துவிடும்' என்று யாராவது சொன்னால் அவரிடம் ஒன்று கேளுங்கள்: இப்போது இருக்கிற சட்டத்தின் கைக்கு எட்டாமல் தப்பித்த ஒரு திருட்டுச் சம்பவத்தைக் காட்டுங்கள். பொதுவாகச் சொல்லக் கூடாது, சம்பவமாக, விவரத்தோடு.

அப்படி உண்மையிலேயே காட்டக்கூடியவையும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். சிம் பாக்ஸ் ஒன்று. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை இணையம் வழியாகக் கொண்டுவந்து, டஜன் கணக்கில் சிம் செருகிய ஒரு பெட்டிக்குள் விட்டு, உள்ளூர் அழைப்புபோல வெளியே எடுப்பார்கள். சர்வதேச அழைப்புக்கு நிறுவனத்துக்குச் சேரவேண்டிய பணம் போய்விடுகிறது. அழைத்தவரின் உண்மையான எண்ணும் மறைந்துவிடுகிறது. இதைப் பிடிக்க வேண்டும். ஆனால் இதற்காக 'பல சிம் போடும் கருவி எதுவும் குற்றம்' என்று எழுதினால், அலுவலகங்களுக்குக் குறுஞ்செய்தி கேட்வே அமைத்துக் கொடுப்பவரும் அதில் விழுவார். கருவியை விட்டுவிட்டு, அதை வைத்து என்ன செய்தார், என்ன நோக்கத்தில் செய்தார் என்று எழுதுங்கள்.

அப்படி எழுத முடியும். அமெரிக்க மாநிலங்கள் முட்டிமோதிக்கொண்டிருந்த அதே 2003-இல் பிரிட்டன் தன் தகவல்தொடர்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 125-ஆம் பிரிவு சில வரிதான். மின்னணுத் தகவல்தொடர்புச் சேவை ஒன்றை நேர்மையற்ற வகையில் பெற வேண்டும். அதற்கு உரிய கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்கமும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் குற்றம். 5 ஆண்டு வரை சிறை உண்டு, ஆகவே மென்மையான சட்டம் என்று சொல்லிவிட முடியாது. கருவி வைத்திருப்பதைப் பற்றிய அடுத்த பிரிவும் அந்த நோக்கத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. சிம் பாக்ஸ்காரர் இதில் அப்படியே மாட்டுவார். ரவுட்டர் வைத்திருப்பவரும் விபிஎன் போடுகிறவரும் மாட்டமாட்டார்கள். மறைத்தலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை, தேவைப்படவும் இல்லை.

அந்தப் பிரிட்டிஷ் பிரிவையும் வேண்டாத இடத்துக்கு இழுத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். 2005-இல் லண்டனில் ஒருவர் தெருவில் நின்று யாரோ ஒருவர் வீட்டு வைஃபையைத் தன் லேப்டாப்பில் பயன்படுத்தியதற்காக இதே பிரிவில் தண்டிக்கப்பட்டு 500 பவுண்டு அபராதம் கட்டினார். அநாகரிகம்தான். ஆனால் அந்த வீட்டுக்காரர் கட்டும் மாதக் கட்டணம் இவர் பயன்படுத்தியதால் கூடவில்லை என்றால், எந்தக் கட்டணத்தை இவர் தவிர்த்தார்? எனக்கு இன்னும் புரியவில்லை. கடவுச்சொல் இல்லாத வைஃபையைப் பயன்படுத்துவது இந்தச் சட்டத்தில் சேராது என்று ஒரு வரி போட்டுவிட்டால் உங்கள் நீதிமன்றங்களுக்கு இந்தத் தலைவலி இருக்காது.

மறைத்தலைப் பற்றி எழுதியே தீர வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றமே பின்னால் அழைப்பவர் எண்ணை மாற்றிக் காட்டும் மோசடிக்கு எதிராக ஒரு சட்டம் இயற்றியது. 2010 டிசம்பரில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். ஏமாற்றவோ, தீங்கு செய்யவோ, தகாத வழியில் மதிப்புள்ள ஒன்றைப் பெறவோ எண்ணிப் பொய்யான எண்ணைக் காட்டுவது குற்றம் என்று அது சொல்கிறது. அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி வந்து காப்பகத்தில் இருக்கும் பெண், தான் எங்கிருந்து பேசுகிறேன் என்று தெரியாமல் வீட்டுக்குப் போன் செய்தால் அது குற்றம் ஆகாது. செய்தியாளரிடம் பேசும் அரசு ஊழியருக்கும் அதே பாதுகாப்பு. மறைப்பதும் ஏமாற்றுவதும் வேறு வேறு என்று தெரிந்தவர்கள் எழுதிய வரி அது.

2003 மசோதாக்கள் என்ன ஆயின என்று சொல்லவில்லையே. எதிர்ப்பு கிளம்பியதும் மாதிரி வரைவில் 'ஏமாற்றும் நோக்கத்துடன்' என்ற சொற்கள் சேர்க்கப்பட்டன. சில மாநிலங்களில் மசோதா கிடப்பில் போனது, சிலவற்றில் நிறைவேறியது. கொலராடோவில் சட்டமன்றம் நிறைவேற்றியதை மே மாதம் ஆளுநர் பில் ஓவன்ஸ் தன் தடை அதிகாரத்தால் நிறுத்தினார். நோக்கத்தைச் சேர்த்தது முன்னேற்றம்தான், ஆனால் அதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இரண்டாவது கணினிக்குக் கூடுதல் கட்டணம் என்று ஒப்பந்தம் சொல்கிறது, நான் ரவுட்டர் வைத்து இரண்டாவது கணினியை இணைத்துவிட்டேன் என்றால், நான் நிறுவனத்தை 'ஏமாற்றினேன்' என்று ஒரு வழக்கறிஞர் சுலபமாக வாதாடிவிடுவார். ஒப்பந்த விதியை மீறுவது மட்டுமே இந்தச் சட்டத்தின்படி நேர்மையின்மையோ ஏமாற்றோ ஆகாது என்று தனியாக எழுத வேண்டும். கட்டணம் என்பது சேவையைப் பெறுவதற்கான கட்டணம், வாங்கிய சேவையை வீட்டுக்குள் எப்படிப் பகிர்ந்துகொள்கிறோம் என்பதற்கான கட்டணம் அதில் வராது என்றும் சொல்லிவிட வேண்டும். ஆய்வுக்கும் பாதுகாப்புச் சோதனைக்கும் விலக்கு, நிறுவனம் நேரடியாகப் போடும் வழக்கில் உண்மையான நஷ்டத்துக்கு மட்டுமே இழப்பீடு, இந்த இரண்டும் கூடவே வரட்டும்.

கருத்துக் கேட்புக் கூட்டம் வைப்பீர்கள். நிறுவனத்தார் வழக்கறிஞர்களோடு வருவார்கள். வாக்கெடுப்புக்கு முன்னால் இன்னொருவரையும் கூப்பிடுங்கள். உங்கள் சட்டமன்றக் கட்டடத்திலேயே ஒரு நெட்வொர்க் நிர்வாகி இருப்பார். வரைவின் அந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்து, இந்தக் கட்டடத்தில் இருக்கும் ஃபயர்வால், ரவுட்டர், உறுப்பினர்களின் போனில் இருக்கும் விபிஎன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இதோடு ஒப்பிட்டு, எதெல்லாம் குற்றமாகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு மதியம் போதும். அவர் தரும் பட்டியலை அவையில் வைத்துவிட்டு வாக்கெடுப்பை நடத்துங்கள்.

இப்படிக்கு,
கட்டணம் தவறாமல் கட்டும் ஒரு நெட்வொர்க் பொறியாளர்